சைக்கிள் சுற்றிக் கேட்ட படம்

பிள்ளைகளுக்கு,

யாழ்ப்பாணம் ரவுணில் படம் பார்த்துவிட்டு உரும்பிராய்க்கு ஓட்டோவில் திரும்பி வந்தோமே, அன்றைக்குப் பெரியவள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா, உங்களுக்கு மறக்கேலாத படம் எது?" என்று கேட்டாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். இப்போது யோசித்து முடித்துவிட்டேன். நான் எழுதிப் பழகினவன் இல்லை, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தோட்டத்துக்கு இறங்கினவன். ஆனாலும் இந்தப் பதிலை வாயால் சொல்ல வழியில்லை. ஏன் என்று கடைசியில் விளங்கும்.

அன்றைக்கு ஓட்டோவுக்குள் நெருங்கிக்கொண்டு இருந்தோம். நீங்கள் இரண்டு பேர், அம்மா, நான், எங்களோடு இருக்கும் உங்கள் மாமி, அதாவது என் அக்கா. சின்னவள் அக்காவின் மடியில். எனக்குக் காது இரைந்துகொண்டே வந்தது. இப்போதைய தியேட்டரில் கதாநாயகன் சும்மா நடந்து வந்தாலே நெஞ்சு அதிர்கிறது. நான் பதில் சொல்லாததால் பெரியவள் கேள்வியை அம்மாவிடம் திருப்பினாள்.

"கலியாணம் முடிஞ்ச புதுசிலை உங்கடை அப்பாவோடை போன படம்," என்றார் அம்மா.

"என்ன கதை?"

"கதை ஆருக்குத் தெரியும்? உவர் என்ரை தோளிலை நித்திரை. குறட்டை விட்டிடுவாரோ எண்ட பயத்திலை நான் படமே பார்க்கேல்லை. ஆனா மறக்கேலாது."

ஓட்டோ ஓடிய தம்பியும் கேட்காமலே சொன்னார். "எனக்கும் ஒரு படம் இருக்கு அக்கா. முடிஞ்சு வெளியிலை வந்தா என்ரை சைக்கிளைக் காணேல்லை. படத்தின்ரை பேரும் மறந்துபோச்சு, நடிச்ச ஆக்களும் மறந்துபோச்சு. சைக்கிளின்ரை நிறம் மட்டும் அப்பிடியே நிக்குது."

சிரித்து முடிந்த பிறகு சின்னவள் மேலே பார்த்துக் கேட்டாள். "மாமி, உங்கடை?"

"என்ரை நான் பார்த்த படம் இல்லைப் பிள்ளை. கேட்ட படம்."

அக்கா கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கோபத்தில் ஒருநாள் இளையவனைக் கன்னத்தில் அடிக்கிறான். இளையவன் வீட்டை விட்டுப் போகிறான். மூத்தவன் ஊரூராகத் தேடுகிறான். தாய் ஒவ்வொரு பொழுதும் இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு வைக்கிறாள். "கடைசியிலை கதவு திறக்கும். தம்பிக்காரன் வந்து நிப்பான். தாய் விம்மி விம்மி அழுவா."

"சந்தோசத்திலையோ?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஓம், சந்தோசத்திலை."

"பேரைச் சொல்லுங்கோ மாமி, நான் போனிலை தேடி எடுத்துத் தாறன்," என்றாள் பெரியவள். அக்கா சொன்னார். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும் என்பதால் நான் இங்கே எழுதவில்லை.

படத்தைக் கேட்டோம் என்றால் எப்படி என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் சின்ன வயதில் சண்டையால் குடாநாட்டில் பல வருடம் கரண்ட் இல்லை. பற்றரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைப் பின் ரயரோடு முட்டவைத்து, அதிலிருந்து வயரை ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றினால் ரேடியோ பேசும். கை தளர்ந்தால் சத்தம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கடலுக்கு அக்கரையில் இந்திய வானொலியில் ஒரு முழுப் படத்தின் ஒலியையும் போடுவார்கள். படம் அங்கே ஓடும், நாங்கள் இங்கே கேட்போம்.

எங்கள் வீட்டில் சுற்றுவது அண்ணை. உங்கள் பெரியப்பா. அவருக்கு அப்போது மீசை நன்றாக வந்துவிட்டது. தியேட்டர்கள் ஓடிய காலத்தில் ரவுணில் ஒரு படமும் விடாமல் பார்த்தவர், அதற்காக ஐயாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், ஏச்சும் வாங்கினவர். அக்காவும் நானும் சிறு பிள்ளைகள். அதற்கு முதல் நான் ஒரு படமும் பார்த்ததில்லை. அதனால் எனக்கு ரேடியோவில் வருகிற படமெல்லாம் எங்கள் ஊரிலேயே நடந்தது. நீதிமன்றம் என்றால் எங்கள் சங்கக்கடை, மாவும் பருப்பும் அடுக்கின தட்டுக்கு முன்னால் நீதிபதி இருப்பார். ஆறு என்றால் தொண்டைமானாறு, ஏனென்றால் நான் கண்ட பெரிய தண்ணீர் அதுதான். கதாநாயகி அதன் பாலத்தில் நின்றுதான் பாடுவாள். வில்லனுக்கு அரைக்கிற மில்காரரின் முகம். அந்த மனுசன் ஒரு பாவமும் அறியாதவர், குரல் மட்டும் கரகரப்பு.

இந்தப் படம் போட்ட அன்று அக்கா காய்ச்சல் விட்டு எழும்பியிருந்தார். சால்வையைப் போர்த்துக்கொண்டு கதிரையில் இருந்து கேட்டார். இளையவன் வீட்டை விட்டுப் போன இடத்திலிருந்தே அழுகை. ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டார்: "உவன் திரும்பி வராட்டில் நான் இண்டைக்குச் சாப்பிடமாட்டன்."

"படத்திலை போனவனுக்கு நீ ஏன் பட்டினி கிடக்கிறாய்?" என்றார் ஐயா.

"நான் சாப்பிடமாட்டன்."

அண்ணை சுற்றிக்கொண்டிருந்தார்.

படம் முடியப் போகும் இடத்தில் பேச்சு நின்றது. இசையும் குறைந்தது. யாரோ நடக்கிற சத்தம் மட்டும் லேசாக. நாங்கள் எல்லோரும் ரேடியோவுக்குக் கிட்டக் குனிந்தோம். அப்போது அண்ணை திடீரென்று சைக்கிளைப் பலமாகச் சுற்றத் தொடங்கினார். ரயர் கர்ரென்று இரைந்தது. சைக்கிளே துள்ளியது.

"டேய், ரேடியோவை எரிக்கப் போறியோ?" என்று கத்தினார் ஐயா.

"சத்தம் இறங்கிட்டுது ஐயா. கறள் பிடிச்ச டைனமோ, வழுக்குது."

அந்த இரைச்சலுக்குள் ஒரு கதவு அடிபட்டது மட்டும் பெரிதாகக் கேட்டது. வேறு ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணை பழையபடி மெதுவாகச் சுற்றத் தொடங்கியபோது தாய் விம்மி அழுதுகொண்டிருந்தாள். பிறகு இசை எழும்பியது. படம் முடிந்தது.

"என்ன நடந்தது? ஆர் வந்தது?" என்று பதறினார் அக்கா.

"தம்பிக்காரன் வந்திட்டான். கதவு கேக்கேல்லையோ?" என்றார் அண்ணை.

"அப்ப ஏன் தாய் அழுறா?"

"சந்தோசத்திலைதான். நான் சோதினை பாஸ் பண்ணினபோது அம்மா அழேல்லையோ?"

"அது நம்பேலாமல் அழுதது," என்றார் ஐயா.

அக்கா சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார். அன்றைக்குப் புட்டும் சாப்பிட்டார்.

கரண்ட் திரும்பி வந்து சில வருடங்களில் அண்ணை ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிநாட்டுக்குப் புறப்பட்டார். அந்த நாளில் இங்கே எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். வழியில் ஒரு நாட்டில் நின்று ஒருமுறை ரெலிபோன் எடுத்தார். எடுத்தது அக்காதான். "அடுத்த இடத்துக்குப் போய் எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. ஐயாவும் அம்மாவும் விசாரித்து விசாரித்தே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்றைக்கும் வெளிநாட்டு இலக்கம் ஒன்று போனில் விழுந்தால் அக்காதான் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார் என்று உங்களுக்கே தெரியும். அது யாரோ பிழையாக அடித்ததாக இருக்கும். "பரவாயில்லை மோனை" என்று சொல்லி வைப்பார்.

பெரியவள் சொன்னபடி அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாமிக்குப் போட்டுக் காட்டுவம் அப்பா" என்று என் போனுக்கும் அனுப்பினாள். அடுத்த நாள் வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். பாத்தியில் தண்ணீர் நிரம்பும் வரை வேலை இல்லை. போனை இறைக்கிற மிஷின் நிற்கும் கொட்டிலுக்குள் ஒரு கல்லில் சாத்திவைத்துப் படத்தைப் போட்டேன். மிஷின் இரைச்சலில் பேச்சு ஒன்றும் கேட்கவில்லை, படம் மட்டும் ஓடியது. ஆறு எங்கள் தொண்டைமானாறு மாதிரி இல்லை, இரண்டு பக்கமும் தென்னையாக இருந்தது. வில்லன் சிவந்த நல்ல வடிவான ஆள். எனக்குச் சிரிப்பு வந்தது. இடையிடையே தள்ளிவிட்டுக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன்.

தாய் இரண்டு கோப்பையில் சோறு போடுகிறாள். கதவடிக்கு நடக்கிறாள். அவளேதான் கதவைத் திறக்கிறாள். வெளியே ஒழுங்கை மட்டும். கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறாள். வாய் ஏதோ அசைகிறது. பிறகு காற்று கதவை அடித்துச் சாத்துகிறது.

நான் மிஷினை நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் திருப்பிப் போட்டேன். "யாரு? நீயா?" என்று கேட்கிறாள் தாய். பதில் இல்லை. கதவு. பிறகு அந்த விம்மல். சின்ன வயதில் கேட்ட அதே விம்மல்தான். வாய்க்காலில் தண்ணீர் வற்றும் வரை அப்படியே இருந்தேன்.

எனக்கு வந்த பயம் இதுதான். அக்கா இவ்வளவு காலமும் அண்ணை வாயால் கேட்ட முடிவை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தில் போனவன் வந்துவிட்டான். அவரை இருத்தி, கதவுக்கு வெளியே ஒருவரும் இல்லை என்று படமாகவே காட்டினால் அந்த மனுசி என்ன ஆவார்?

பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அது அவவின்ரை படம். பார்க்கிறதோ இல்லையோ எண்டு அவவிட்டைக் கேளுங்கோ," என்றார்.

"என்னெண்டு கேக்கிறது? கேட்டாலே விளங்கிவிடும்."

"அப்ப நீங்கள் ஏதோ செய்யப் போறியள். செய்யுங்கோ. உங்கடை முகத்துக்குப் பொய் பொருந்தாது எண்டது மட்டும் ஞாபகமிருக்கட்டும்."

கடைசிக் கட்டம் வரும்போது போனைத் தூக்கி, டேட்டா முடிந்துவிட்டது என்று சொல்வதென்று முடிவு செய்தேன். பெரியவளுக்கு மட்டும் விசயத்தைச் சொன்னேன். "பொய் சொல்லக் கூடாது எண்டு எங்களுக்குச் சொல்லிப்போட்டு," என்று முணுமுணுத்தாள். ஆனால் சம்மதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலுக்குப் போகிற சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். பனங்காய்ப் பணியாரம் சுட்டு ஒரு தட்டு நிறைய மேசையில் வைத்தார். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாத்திவைத்தோம். படம் தொடங்கியது.

"உவரோ மூத்தவர்? உவர் என்ன இவ்வளவு கொழுப்பாய் இருக்கிறார்? தம்பியைத் தேடி அலைஞ்ச ஆள் மாதிரி இல்லையே," என்றார் அக்கா.

"மாமி, இன்னும் தம்பி போகவே இல்லை," என்றாள் சின்னவள்.

தாய் வந்தபோது அக்காவுக்கு இன்னும் ஏமாற்றம். "பூசின முகம். சோறு போடுற கையிலை எவ்வளவு காப்பு." கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். பிறகு பெரியவளைத் தட்டினார்.

"பிள்ளை, உதை ஒருக்காக் கவிட்டு வை."

"ஏன் மாமி?"

"படம் குறுக்காலை நிக்குது. எனக்குக் கதை கேக்கேல்லை."

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போனை மேசையில் குப்புற வைத்தாள். எல்லோரும் கேட்கத் தொடங்கினோம். சின்னவள் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் இருந்தார். உண்மையைச் சொன்னால், படம் அப்போதுதான் எனக்கும் திரும்ப ஓடியது. சங்கக்கடை வந்தது, பாலம் வந்தது. மில்காரர் செத்துப் பல வருடமாகிறது, அவரும் வந்தார்.

கடைசிக் கட்டத்தில் பேச்சு நின்றது. நடக்கிற சத்தம். நான் கையை மேசைக்கு நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "விடு," என்றார்.

இந்த முறை சைக்கிள் இரைச்சல் இல்லை. தாழ்ப்பாள் விலகுவதுகூடக் கேட்டது. "யாரு? நீயா?" என்றாள் தாய். அந்த இடைவெளி முழுவதையும் கேட்டோம். காற்று. கதவு. விம்மல். அக்கா என் கையை விடவில்லை.

சின்னவள் தலையைத் தூக்கினாள். "மாமி, தம்பி வந்திட்டானோ?"

"ஓம் பிள்ளை. வந்திட்டான்," என்றார் அக்கா. "பணியாரத்தை எடு. ஆறப் போகுது."

பெரியவளே, நீ அப்போது போனைக் கவிழ்த்தபடியே எடுத்து, திருப்பாமல் அணைத்தாய். நான் கண்டேன்.

அக்காவுக்கு வயது போக, காதும் கொஞ்சம் மந்தம். நான் உள்ளுக்குள் ஆறுதல்பட்டேன். அவருக்குக் கேட்கவில்லை, பழைய முடிவோடேயே இருக்கிறார் என்று நினைத்தேன். கிணற்றடியில் தட்டுக் கழுவும்போது தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா தலை நிமிராமலே கேட்டார்.

"ஏன்ரா அந்த நேரம் போனைத் தூக்கப் போனனி?"

"சும்மா. டேட்டா..."

"உனக்கு அம்மாவின்ரை வாய். பொய் வராது. படத்தைப் பார்த்தனியோ?"

"ஓம்."

"எனக்கு அப்பவே தெரியும்."

"எப்ப?"

"படம் போட்ட அடுத்த நாளே. பள்ளிக்கூடத்திலை எல்லாப் பெட்டையளும் அதைத்தான் கதைச்சவளவை. எல்லா வீட்டிலையும் அந்த நேரம் சைக்கிள் சுத்தினதுதானே. அவையின்ரை வீட்டிலை தம்பிக்காரன் வரேல்லை. எங்கடை வீட்டிலை மட்டும் வந்தவன்."

எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. அக்கா தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை அந்தப் படத்தை ரவுணிலை முதலே பார்த்தவர். முடிவு தெரியும். நான் சாப்பிடமாட்டன் எண்டு நிண்டனான். அதுதான் அப்பிடிச் சுத்தினவர். டைனமோ ஒண்டும் வழுக்கேல்லை."

"நீ அண்ணையிட்டைக் கேக்கேல்லையோ?"

"கேட்டு? கையெல்லாம் கொப்புளம் வந்தது அந்த மனுசனுக்கு. நான் நம்பினன் எண்டு அவர் நினைச்சுக்கொண்டிருந்தவர். இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்." வாளியில் மிஞ்சின தண்ணீரை ஊற்றினார். "சின்னவளுக்கு நீ ஒண்டும் சொல்லிப்போடாதை. அவள் இரவைக்குச் சாப்பிடட்டும்."

"சொல்லமாட்டன்," என்றேன்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்த சின்னவள் உடுப்பு மாற்றாமல் நேரே தோட்டத்துக்கு வந்தாள். வாழைக்குள் என்னைக் கண்டுபிடித்து, குனியச் சொல்லி, காதுக்குள் கதைத்தாள்.

"அப்பா, நான் அந்தப் படத்தை அம்மான்ரை போனிலை பார்த்தனான். தம்பி வரேல்லை. வெளியிலை ஒருத்தரும் இல்லை."

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே சொன்னாள்.

"மாமிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. அவ வந்திட்டான் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறா. பாவம்."

"சொல்லமாட்டன்," என்றேன்.

பெரியவளே, மறக்க முடியாத படம் எது என்று கேட்டாயே. அந்தப் படம்தான். ஆனால் எனக்குள் அந்தப் படம் ஓடும்போது நடிகர் ஒருவரும் வருவதில்லை. கவிழ்த்து வைத்த ஒரு சைக்கிளும், அதைத் தலை தெறிக்கச் சுற்றுகிற அண்ணையும்தான் வருகிறார்கள். அவர் அக்காவின் பக்கம் திரும்பாமல் ரயரையே பார்த்துக்கொண்டு சுற்றுகிறார்.

இதை ஏன் வாயால் சொல்லவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். இரண்டு பேருக்கு ஒரே வாக்கைக் கொடுத்துவிட்டு இருக்கிறேன், அந்த இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள். அதனால் சின்னவள் வளர்ந்து பெரிய ஆளாகும் வரை இந்தக் கடிதம் பெரியவளிடம் மட்டும் இருக்கட்டும். நேற்றும் சாப்பாட்டு நேரம் சின்னவள் மாமியைப் பார்த்து, "அந்தத் தம்பி வந்தாப் பிறகு என்ன மாமி செய்திருப்பான்?" என்று கேட்டாள். "கை கழுவிப்போட்டுச் சாப்பிட இருந்திருப்பான்," என்றார் அக்கா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.